அருணாசலப் பிரதேசத்தில் எத்தனை பேர், யார் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டிலும் பிறகு ஜிரோவிலும் ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பிய நாளிலிருந்து, உறவினர், நண்பர், சுற்றுலா போகத் திட்டமிடுபவர், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என யாரைச் சந்தித்தாலும் அந்த மாநிலத்து மக்களைப் பற்றி ஒரே மாதிரியான ஐயங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வேறு ஆண்டு குறிப்பிடப்படாத இடங்களில் எல்லா எண்களும் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைச் சேர்ந்தவை.

அருணாசலப் பிரதேசத்துல மொத்தம் எத்தனை பேர் இருக்காங்க?

13,83,727 பேர். இவர்களில் ஆண்கள் 7,13,912, பெண்கள் 6,69,815. 2001இல் இந்த எண்ணிக்கை 10,97,968 ஆக இருந்தது. இப்போது 15 லட்சத்தைத் தாண்டியிருக்கும் என்று அரசின் முன்மதிப்பீடுகள் சொல்கின்றன. ஆனால் அவை கணித்துச் சொன்ன எண்களே தவிர, வீடு வீடாகப் போய் எண்ணியவை அல்ல.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே 2021 கணக்கெடுப்பின்படி என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், அப்படி ஒரு கணக்கெடுப்பே நடக்கவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். பெயரைக் கேட்டதும் திருவண்ணாமலையை நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டும் ஒரே சொல்தான். அருணன் என்றால் விடியலின் செம்மை, அசலம் என்றால் மலை. வடகிழக்கு எல்லைப்புற முகமை என்ற பழைய நிர்வாகப் பகுதி 1972இல் ஒன்றியப் பகுதியானபோது இந்தப் பெயரைப் பெற்றது, 1987 பிப்ரவரி 20இல் மாநிலமானது.

அப்போ இந்தியாவிலேயே ஜனம் குறைஞ்ச மாநிலம் இதுதானே?

இல்லை. தேர்வு எழுதுபவர்கள் வழுக்கி விழும் இடம் இது. மொத்த எண்ணிக்கையில் சிக்கிம் (6,10,577), மிசோரம் (10,97,206) இரண்டும் இதைவிடச் சிறியவை. மக்கள் அடர்த்தியில்தான் அருணாசலப் பிரதேசம் மாநிலங்களில் கடைசி இடத்தில் இருக்கிறது: சதுர கிலோமீட்டருக்கு 17 பேர். அதற்கு அடுத்த மிசோரத்தில் 52 பேர், நாட்டின் சராசரி 382. இப்போது லடாக்கின் அடர்த்தி இன்னும் குறைவு, ஆனால் அது ஒன்றியப் பகுதி.

கோவாவை அருகில் வைத்துப் பார்த்தால் நிலைமை எளிதில் விளங்கும். கோவாவின் மக்கள்தொகை 14,58,545, அதாவது அருணாசலத்தைவிடச் சற்றே அதிகம். கோவாவின் பரப்பு 3,702 சதுர கிலோமீட்டர், அருணாசலத்தின் பரப்பு 83,743. ஏறத்தாழ அதே அளவு மக்களை 22 மடங்குக்கும் மேலான நிலத்தில் பரப்பிவைத்ததுபோல் இருக்கிறது.

சதுர கிலோமீட்டருக்கு 17 பேர்னா, மணிக்கணக்கா போனாலும் ஆளையே பார்க்க முடியாதா?

சில இடங்களில் அப்படித்தான். திபாங் பள்ளத்தாக்கு மாவட்டத்தில் 9,129 சதுர கிலோமீட்டரில் 8,004 பேர் மட்டுமே இருந்தார்கள். இந்திய மாவட்டங்களிலேயே மக்கள் மிகக் குறைந்தது அதுதான். அங்கே அடர்த்தி ஒன்றுக்கும் கீழே வருவதால் முழு எண்ணாக்கி 1 என்று அச்சிடுகிறார்கள்.

அதே மாநிலத்தில் ஜிரோ பள்ளத்தாக்குக்கு வந்தால் காட்சி மாறிவிடும். அங்கே அபதானி மக்களின் ஹோங், ஹிஜா போன்ற ஊர்களில் மூங்கில் வீடுகள் கூரையோடு கூரை இடிக்கும்படி வரிசையாக நிற்கின்றன. ஒரு வீட்டு முற்றத்தில் காயும் நெல்லை அடுத்த வீட்டுக் கோழி கொத்துகிறது, நடுவே ஒருவர் மட்டும் நடக்கக்கூடிய சந்து. காட்டு மாநிலம் என்று நினைத்துப் போன எனக்கு முதல் நாள் அந்தச் சந்துகளில் வழி தெரியாமல் போய்விட்டது. அஸ்ஸாம் எல்லையை ஒட்டிய அடிவாரங்களிலும், தலைநகர் இட்டாநகர் அடங்கிய பாபும் பாரே பகுதியிலும் கூட்டம் சேர்ந்திருக்கிறது. 17 என்பது இவை எல்லாவற்றையும் சேர்த்து வகுத்த எண். அந்த எண்ணைப் போல் வாழும் ஊர் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

மழை இருக்கு, ஆறு இருக்கு, மண்ணும் நல்லா இருக்கு. பின்ன ஏன் ஜனம் இவ்வளவு குறைச்சல்?

மழையும் ஆறும் உண்டு, சமநிலம் இல்லை. கமெங், சுபன்சிரி, சியாங், திபாங், லோகித் ஆகிய ஆறுகள் மலையைச் செங்குத்தாக அறுத்துக்கொண்டு இறங்குகின்றன. மாநிலப் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு காடு. வடக்கே உயரம் கூடக்கூடப் பனி. எஞ்சிய சரிவுகளில் பெரும்பாலோர் காலங்காலமாகச் செய்துவந்தது ஜும் எனப்படும் காடெரிப்பு வேளாண்மை. ஒரு சரிவை வெட்டி, காயவிட்டு, எரித்து, சாம்பலில் நெல்லும் சோளமும் தினையும் கலந்து விதைப்பார்கள். ஓரிரு ஆண்டு விளைச்சலுக்குப் பிறகு அதைப் பல ஆண்டுகள் காடாக வளரவிட்டு வேறு சரிவுக்குப் போவார்கள். ஆக, ஒரு குடும்பம் இந்த ஆண்டு சாப்பிடும் நிலத்தைப்போலப் பல மடங்கு நிலம் அதற்காகக் காட்டுக்குள் ஓய்வில் கிடக்க வேண்டும். இந்த வேளாண்மை அடர்த்தியான ஊர்களைத் தாங்காது.

ஜிரோவில் மட்டும் ஏன் நெருக்கம் என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. அபதானிகள் பள்ளத்தாக்கின் சமதரையில் நிலையான நன்செய் வயல் அமைத்து, அதே தண்ணீரில் மீனும் வளர்க்கிறார்கள். அதே வயல் ஆண்டுதோறும் விளைவதால் அதே இடத்தில் தலைமுறைகள் பெருக முடிந்தது. அடிவாரக் காடுகளில் நீண்ட காலம் மலேரியா அச்சுறுத்தியதும், சாலைகள் தாமதமாக வந்ததும் மற்ற காரணங்கள்.

ஒரு ஊர்னா அங்க எவ்வளவு பேர் இருப்பாங்க?

நூறில் 77 பேர் கிராமங்களில் வாழ்கிறார்கள். ஆள் வசிக்கும் கிராமங்கள் ஏறத்தாழ 5,250. வகுத்துப் பார்த்தால் ஓர் ஊருக்கு 200 பேர். அதிலும் ஆறேழு வீடுகள் மட்டும் உள்ள குடியிருப்புகள் உண்டு. சிவப்புக் கோட்டு அணிந்த காவ்ன் புரா என்ற ஊர்ப் பெரியவருக்கு எல்லாருடைய பெயரும், யார் வீட்டு மிதுன் மாடு எந்தக் காட்டில் மேய்கிறது என்பதும் மனப்பாடமாகத் தெரியும். இருநூறு பேருக்கு ஒரு பள்ளி, ஒரு துணைச் சுகாதார நிலையம், ஒரு சாலை என்று போடும்போது தலைக்கு ஆகும் செலவு மற்ற மாநிலங்களைப்போலப் பல மடங்கு ஆகிறது. நிதி ஒதுக்கீட்டில் இம்மாநிலத்துக்குத் தனிக் கணக்கு ஏன் என்று கேட்பவர்கள் இந்த 200 என்ற எண்ணைப் பார்த்தாலே போதும்.

நீள வீட்ல நாப்பது பேர் இருந்தா அதை ஒரு குடும்பம்னு எழுதுவாங்களா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் படம் பார்த்துவிட்டுக் கேட்டார், ஆனால் இது கணக்கெடுப்பின் நடுநரம்பைத் தொடும் கேள்வி. கணக்கெடுப்பு விதிப்படி, பொதுவாகச் சேர்ந்து வாழ்ந்து ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்களே ஒரு குடும்பம். கூரை எத்தனை என்பது பொருட்டல்ல, அடுப்பு எத்தனை என்பதே கணக்கு.

2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை எண்ணிக்கை நடந்தது. ஆசிரியர்களே பெரும்பாலும் எண்ணுபவர்கள். என் சக ஆசிரியர் ஒருவருடன் நிஷி மக்களின் ஊர் ஒன்றுக்கு நானும் துணையாகப் போனேன். தூண்கள்மேல் நின்ற ஒரு நீள வீட்டுக்குள் புகை கண்ணைக் கரித்தது, வரிசையாக ஐந்து அடுப்புகள், ஒவ்வோர் அடுப்புக்கும் மேலே மூங்கில் தட்டில் இறைச்சி காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு அடுப்புகள் பெரியவரின் இரண்டு மனைவியருடையவை, மற்றவை மணமான மகன்களுடையவை. பெரியவரோ இது ஒரே வீடு, ஒரே குடும்பம் என்று உறுதியாகச் சொன்னார். நண்பர் விதியைக் காட்டி ஐந்து படிவங்களை எடுத்தார். பிறகு, பெரியவரை எந்த அடுப்பில் எழுதுவது என்ற சிக்கல் வந்தது. மூத்த மனைவியின் அடுப்பில் எழுதினோம், இளையவர் அன்று மாலைவரை எங்களோடு பேசவில்லை.

வயசு எல்லாம் சரியாச் சொல்லுவாங்களா?

முதியவர்களிடம் பிறந்த ஆண்டு கிடைக்காது. 1950 ஆகஸ்ட் 15இல் வந்த பெரும் நிலநடுக்கம், 1962 சீனப் போர் ஆகியவற்றை வைத்துத்தான் கேட்க வேண்டும்: நிலம் ஆடியபோது நீங்கள் தாயின் முதுகில் இருந்தீர்களா, நடந்தீர்களா என்று. வந்த விடையை எண்ணாக்கும்போது 60, 65, 70 என்று முழு எண்களில் ஆட்கள் குவிந்துவிடுவார்கள். ஆகவே முதியோர் பற்றிய வயதுவாரிப் பட்டியலை ஒற்றை ஆண்டாகப் படிக்காமல் ஐந்து, பத்து ஆண்டுக் கட்டுகளாகப் படிப்பது நல்லது.

அந்தக் காலத்துல எவ்வளவு பேர் இருந்தாங்கன்னு கணக்கு இருக்கா?

1961இலிருந்துதான் நம்பத்தக்க முழுக் கணக்கு கிடைக்கிறது. 1951 கணக்கெடுப்பு இந்த மலைப்பகுதிக்குள் நுழையவில்லை. 1961இல் 3,36,558 பேர், நகரம் என்று சொல்ல ஓர் இடம்கூடக் கிடையாது. 1971இல் 4,67,511, 1981இல் 6,31,839, 1991இல் 8,64,558. அதாவது ஐம்பது ஆண்டுகளில் மக்கள்தொகை நான்கு மடங்குக்கும் மேல் பெருகியது. இதே காலத்தில் இந்தியா மூன்று மடங்குகூட ஆகவில்லை.

பத்து வருஷத்துல 26 சதவீதம் கூடியிருக்குன்னா, நிறைய குழந்தை பெத்துக்கிறாங்க போல?

முன்பு அப்படி, இப்போது இல்லை. ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி, தேசிய குடும்பநல ஆய்வுகளின்படி 2005-06இல் 3.0 ஆக இருந்து 2015-16இல் 2.1 ஆகவும் 2019-21இல் 1.8 ஆகவும் இறங்கிவிட்டது. 1.8 என்பது மக்கள்தொகை தன்னைத் தானே ஈடுசெய்துகொள்ளத் தேவைப்படும் அளவுக்குக் கீழே. ஆனாலும் முந்தைய தலைமுறை பெரியதாகப் பிறந்ததால் இன்று தாயாகும் வயதிலுள்ள பெண்கள் ஏராளம். ஆளுக்கு இரண்டு குழந்தைக்கும் குறைவாகப் பெற்றாலும் மொத்தம் சில காலம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். பள்ளியில் நான் போன புதிதில் ஒரே வீட்டிலிருந்து ஐந்தாறு பிள்ளைகள் வந்தார்கள், கடைசி ஆண்டுகளில் இரண்டு என்பதே வழக்கமாகிவிட்டது.

சிறிய எண்களில் சதவீதம் துள்ளிக் குதிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. 2001க்கும் 2011க்கும் இடையே குருங் குமே மாவட்டம் 111 சதவீதம் வளர்ந்ததாக வெளியானது, நாட்டிலேயே அதுதான் அதிகம். பத்தே ஆண்டில் இரட்டிப்பாவதற்கு ஆண்டுக்கு ஏழு சதவீதத்துக்கும் மேல் வளர வேண்டும். பிறப்பு இறப்புக் கணக்கால் மட்டும் எந்த மலை மாவட்டமும் அப்படி வளர முடியாது. முந்தைய கணக்கில் விடுபட்டவர்கள், இடம்பெயர்ந்தவர்கள், கணக்கெடுப்புக்காகச் சொந்த ஊரில் பெயர் பதிந்தவர்கள் என்று வேறு விளக்கங்களைத்தான் தேட வேண்டியிருக்கும்.

மொத்தம் எத்தனை பழங்குடி? ஒருத்தர் 26ங்கறார், இன்னொருத்தர் நூறுங்கறார்.

இருவரும் சரிதான். பெரிய பழங்குடிகள் 26 என்றும், உட்பிரிவுகளையும் சேர்த்தால் நூறுக்கு மேல் என்றும் மாநில அரசே சொல்கிறது. எண்ணிக்கையில் முதலிடம் நிஷி மக்களுக்கு. ஆதி, காலோ, அபதானி, தாகின் ஆகியோரும் நிஷிகளும் தானி என்ற ஒரே மூதாதையைச் சொல்பவர்கள், மாநிலத்தின் நடுப்பகுதியில் வாழ்பவர்கள். மேற்கே தவாங், மேற்குக் கமெங் பகுதிகளில் மோன்பாக்கள். கிழக்கே மூன்று வகை மிஷ்மிகள்: இது (Idu), தராவோன், காமான். தென்கிழக்கே வாஞ்சோ, நோக்தே, தாங்சா. சமவெளியோரம் தாய் காம்தி, சிங்போ.

பட்டியல்களைப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆதிகளை அபோர் என்றும் நிஷிகளை தஃப்லா என்றும் வெளியார் இட்டு வழங்கிய பழைய பெயர்களை அந்த மக்கள் இழிவாகக் கருதுகிறார்கள். சட்டப் பட்டியலிலிருந்து அபோர் என்ற சொல் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. மிஷ்மி என்ற பொதுப்பெயருக்குப் பதில் மூன்று தனிப்பெயர்கள் வந்ததும், நாகா என்று மொத்தமாகச் சொன்ன இடத்தில் நோக்தே, தாங்சா, துத்சா, வாஞ்சோ என்று வந்ததும் அப்போதுதான். பழைய கணக்கெடுப்புகளில் ஒரே மக்கள் இரண்டு மூன்று பெயர்களில் சிதறிக் கிடப்பார்கள். கூட்டிப் பார்க்காமல் ஒரு பழங்குடி குறைந்துவிட்டது என்று எழுதுவது தவறு.

எல்லாரும் பௌத்தர்கள்தானே? தவாங் மடம்லாம் இருக்கே.

தவாங் படங்களால் வந்த மயக்கம் இது. பௌத்தர்கள் 11.8 சதவீதம் மட்டுமே. கிறித்தவர்கள் 30.3, இந்துக்கள் 29.0, பிற சமயத்தார் 26.2, இஸ்லாமியர் 2.0 சதவீதம். எந்தச் சமயத்துக்கும் பெரும்பான்மை இல்லாத மாநிலம் இது. பௌத்தர்களிலும் மேற்கே மோன்பாக்கள் திபெத்திய வழியினர், கிழக்கே காம்தி, சிங்போ மக்கள் தேரவாத வழியினர்.

பிற சமயத்தார் என்ற தலைப்பின்கீழ் வருபவர்களில் பெரும்பாலோர் சூரியனையும் சந்திரனையும் போற்றும் தோனி போலோ வழியினரும், அதுபோன்ற மரபு வழிபாடுகளைப் பின்பற்றுபவர்களும். 1971இல் கிறித்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 1991இல் 10.3, 2001இல் 18.7, 2011இல் 30.3 சதவீதம் என்று ஏறினார்கள். மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1978இலேயே இயற்றப்பட்டிருந்தும் நிகழ்ந்த மாற்றம் இது. மறுபக்கம், 1980களில் தாலோம் ருக்போ போன்றோர் தோனி போலோ வழிபாட்டுக்குத் துதிப்பாடல்களும் வாராந்தரக் கூட்டுவழிபாடும் வகுத்து அதை அமைப்பாக்கினார்கள். ஒரே வீட்டில் அண்ணன் தேவாலயத்துக்கும் தம்பி தோனி போலோ கூடத்துக்கும் போவதை ஞாயிறுதோறும் பார்த்திருக்கிறேன்.

என்ன மொழி பேசறாங்க? ஹிந்தி தெரிஞ்சாப் போதுமா?

பேச்சுக்குப் போதும். ஆட்சிமொழி ஆங்கிலம். வீட்டில் அவரவர் பழங்குடி மொழி. நிஷிக்காரர் மோன்பாவைச் சந்தித்தால் இருவருக்கும் பொதுவாக இருப்பது இலக்கணக் கட்டுகளைத் தளர்த்திக்கொண்ட ஓர் இந்தி. முன்பு அந்த இடத்தில் அஸ்ஸாமிய மொழி கலந்த பேச்சு இருந்தது. ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஒரு மொழி என்ற நிலையில், ஒருவர் மொழியை மற்றவர் ஏற்பதைவிட யாருடையதும் அல்லாத மொழியை ஏற்பது எளிதாயிருந்தது.

இதன் விலையைச் சிறிய மொழிகள் கொடுக்கின்றன. கோரோ என்ற மொழி வெளி ஆய்வாளர்களின் கண்ணில் பட்டுச் செய்தியானதே 2010இல்தான், அதைப் பேசுபவர்கள் ஆயிரத்தை ஒட்டியவர்களே. வகுப்பில் தாத்தாவின் கதையைத் தாய்மொழியில் எழுதச் சொன்னபோது, பேசத் தெரியும் ஐயா, எழுத எந்த எழுத்தில் எழுதுவது என்று திருப்பிக் கேட்டவர்கள் அதிகம்.

வெளியாட்கள் வந்து உள்ளூர்க்காரங்களையே மிஞ்சிட்டாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

இந்தப் பக்கத்தில் மிகவும் கவனமாக விடை சொல்ல வேண்டிய கேள்வி இது. 1961இல் நூற்றுக்கு 89 பேர் பட்டியல் பழங்குடியினர். 1971இல் 79, 1981இல் 70, 1991இல் 64 என்று சரிந்தது. சாலை, அலுவலகம், பாலம், கடை எல்லாவற்றுக்கும் வெளியிலிருந்து ஆள் வந்த காலம் அது. இந்தச் சரிவைப் பார்த்து வளர்ந்த தலைமுறையின் அச்சம் வெறும் கற்பனை அல்ல.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 2001இல் 64.2 என்று நின்று, 2011இல் 68.8 என்று திரும்பி ஏறியது. அந்தப் பத்தாண்டில் பழங்குடியினர் 35 சதவீதம் பெருகினார்கள், மற்றவர்கள் 10 சதவீதம்தான். அச்சம் 1991இன் எண்ணில் உறைந்துவிட்டது, எண் அதன்பின் நகர்ந்துவிட்டது. எனினும் சராசரி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. நாம்சாய், சாங்லாங் போன்ற சமவெளியோர மாவட்டங்களிலும் நகரங்களிலும் வெளியார் பங்கு அதிகம். அங்கே நெடுங்காலமாக வாழும், மாநிலத்தின் பழங்குடிப் பட்டியலில் இல்லாத ஆறு சமூகத்தாருக்கு நிரந்தர வசிப்பிடச் சான்று வழங்கும் யோசனை வந்தபோதுதான் 2019 பிப்ரவரியில் இட்டாநகர் பற்றியெரிந்தது. உயிர்கள் போயின, யோசனை கைவிடப்பட்டது.

ஆயிரம் ஆணுக்கு 938 பெண்தான்னா, அங்கேயும் பெண் குழந்தையைக் கருவிலேயே அழிக்கிறாங்களா?

இல்லை. 0 முதல் 6 வயதுக் குழந்தைகளில் ஆயிரம் ஆணுக்கு 972 பெண், இது நாட்டின் சராசரியைவிட மிக மேலானது. பழங்குடியினரை மட்டும் பிரித்து எடுத்தால் ஆயிரம் ஆண்களுக்கு 1,032 பெண்கள். பழங்குடி அல்லாதவர்களை நான் கழித்து வகுத்துப் பார்த்தபோது 760க்குச் சற்றுக் குறைவாக வந்தது. படைமுகாமும் சாலைப்பணியும் வணிகமும் தேடிக் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே வந்த ஆண்களால் விகிதம் கீழே இழுபடுகிறது. 1991இல் 859 ஆக இருந்த மொத்த விகிதம் 2011இல் 938 ஆக உயர்ந்ததற்கு, முந்தைய விடையில் சொன்ன மாற்றமும் ஒரு காரணம்.

இதைச் சரிபார்க்க இன்னொரு சான்று உண்டு. 2024 தேர்தல் வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். கணக்கெடுப்பில் குறைவாக இருக்கும் பெண்கள் வாக்காளர் பட்டியலில் அதிகமாவது முரண்போலத் தோன்றும். தனியே வந்த அந்த ஆண்களில் பலருக்கு வாக்கு சொந்த ஊரில் இருக்கிறது, அவ்வளவுதான்.

சக்மாக்கள் யார்? அவங்க பிரச்சினை என்ன?

இன்றைய வங்கதேசத்தின் சிட்டகாங் மலைப்பகுதியிலிருந்து, காப்தாய் அணையால் நிலம் மூழ்கியும் மதத் துன்புறுத்தலுக்கு அஞ்சியும் வந்தவர்கள். பெரும்பாலோர் பௌத்தரான சக்மாக்கள், உடன் வந்த ஹாஜோங்குகள் இந்துக்கள். 1964 முதல் 1969 வரை 2,748 குடும்பங்களை, 14,888 பேரை, இந்திய அரசே இங்கே குடியமர்த்தியது. உள்ளூர் மக்களைக் கேட்டுச் செய்யவில்லை என்பது இன்றுவரை தொடரும் மனக்குறை.

இவர்களின் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பளிக்க வேண்டும் என்று 1996இலும், குடியுரிமை வழங்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2015இலும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மனித உரிமை என்று பார்த்தால் சக்மாக்கள் பக்கமும், கேட்காமல் தம் நிலத்தில் குடியேற்றினார்கள் என்று பார்த்தால் உள்ளூர்ப் பழங்குடிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு பக்க நியாயத்தை மட்டும் சொல்பவர் அந்தப் பகுதியில் ஒரு வாரம்கூடத் தங்கியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

ஒரே ஒரு ஆளுக்காக வாக்குச்சாவடி போடறாங்களாமே, நிஜமா?

நிஜம். அஞ்சாவ் மாவட்டத்தின் மாலோகாம் என்ற இடத்தில் ஒரே ஒரு பெண் வாக்காளருக்காகத் தேர்தல் பணியாளர்கள் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு மலையேறி நடந்து போனார்கள். 2024இல் மாநிலம் முழுவதும் வாக்காளர்கள் சுமார் 8.9 லட்சம், சட்டமன்றத் தொகுதிகள் 60. ஒரு தொகுதிக்குச் சராசரி 15 ஆயிரம் வாக்காளர்கூட இல்லை. 60இல் 59 தொகுதிகள் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை, எஞ்சிய பொதுத்தொகுதி போர்தும்சா-தியுன்.

அடுத்த கணக்கெடுப்புக்கு அப்புறம் எம்.பி. சீட் கூடுமா?

மேற்கு, கிழக்கு என இரண்டு மக்களவைத் தொகுதிகள் உண்டு, இரண்டும் பொதுத்தொகுதிகள். மக்கள்தொகைக்கு நிகராக இடங்களைப் பங்கிட வேண்டும் என்ற அரசமைப்பு விதி, 60 லட்சத்துக்கு மிகாத மக்கள்தொகை கொண்ட மாநிலங்களுக்குப் பொருந்தாது. ஆகவே மக்கள்தொகை சற்றுக் கூடியதால் தொகுதி கூடும் என்று எதிர்பார்க்க இடமில்லை, குறைவாக இருப்பதால் குறையும் என்று அஞ்சவும் வேண்டியதில்லை. தொகுதிகளின் எல்லைதான் மிகப் பழையது. 2002இல் தொடங்கிய மறுவரையறை அருணாசலத்தில் நடைபெறவில்லை.

படிப்பு எப்படி?

எழுத்தறிவு 65.4 சதவீதம், பிகாருக்கு அடுத்துக் கடைசியிலிருந்து இரண்டாம் இடம். ஆண்கள் 72.6, பெண்கள் 57.7. ஆனால் 1971இல் இது 11.3 சதவீதமாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தாத்தாவுக்கு எழுத்து தெரியாது, பேத்தி பொறியியல் படிக்கிறாள் என்பது அங்கே விதிவிலக்கான குடும்பம் அல்ல. நம் பக்கத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு: கன்னியாகுமரியைத் தலைமையிடமாகக் கொண்ட விவேகானந்த கேந்திரம் 1977 முதல் அங்கே பள்ளிகளை நடத்திவருகிறது.

கிராமத்துல இருக்கறவங்க டவுனுக்குப் போயிட்டா எல்லை ஊர்கள் காலியாயிடாதா?

அந்தக் கவலை அரசுக்கும் இருக்கிறது. நகர மக்கள் 1971இல் 3.7 சதவீதமாக இருந்து 1991இல் 12.8, 2011இல் 22.9 சதவீதம் ஆனார்கள். இட்டாநகரில் மட்டும் அப்போது 59,490 பேர். பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் வேலைக்கும் இறங்கி வருபவர்கள் பெரும்பாலும் திரும்பிப் போவதில்லை, மேல் ஊர்களில் முதியவர்களே மிஞ்சுகிறார்கள். 2023 ஏப்ரலில் ஒன்றிய அரசு துடிப்பான கிராமங்கள் திட்டத்தை அஞ்சாவ் மாவட்டத்தின் கிபிதூவில் தொடங்கிவைத்தது, எல்லையோர ஊர்களில் சாலையும் மின்சாரமும் பிழைப்பும் கொடுத்து மக்களை அங்கேயே நிறுத்துவதற்காக.

மக்களைக் கொண்டுபோய் எல்லையை நிரப்பும் யோசனை புதிதல்ல. மியான்மர் எல்லையோர விஜய்நகரில் 1960களின் இறுதியில் முன்னாள் அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் வீரர்களின் சுமார் 200 குடும்பங்களைக் குடியமர்த்தினார்கள். அங்கே ஏற்கெனவே யோபின் மக்கள் இருந்தார்கள். இரு தரப்புக்கும் இடையேயான நில உரசல் இன்னும் தீரவில்லை. சக்மா விடையில் சொன்ன மனக்குறையின் சிறிய வடிவம் இது.

நான் அங்க போய் நிலம் வாங்கிக் குடியேறலாமா?

முடியாது. உள்ளே நுழையவே இன்னர் லைன் பர்மிட் வேண்டும், அது 1873ஆம் ஆண்டு வங்காளக் கிழக்கு எல்லைப்புற ஒழுங்குமுறையின்கீழ் வழங்கப்படுகிறது. இப்போது இணையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். அது வருகைக்கான அனுமதி மட்டுமே. நிலம் அந்தந்தப் பழங்குடிச் சமூகத்துக்கு உரியது, வெளியார் பெயரில் மாற்ற முடியாது. இருபது ஆண்டு கடை நடத்துபவரும் வாடகைக் கட்டடத்தில்தான் நடத்துகிறார், அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டேதான் இருக்கிறார்.

மாவட்டம் எத்தனை? ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒவ்வொரு எண் இருக்கே.

2011 கணக்கெடுப்பின்போது 16. பிறகு பலமுறை பிரித்தார்கள். நாம்சாய், லோங்டிங், க்ரா தாதி, சியாங், கம்லே, லெபா ராதா, ஷி யோமி, பக்கே கெஸ்ஸாங், அண்மையில் கேயி பான்யோர், பிச்சோம் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் எதற்கும் 2011 கணக்கெடுப்பில் தனித் தலைப்பு கிடையாது. ஒரு புதிய மாவட்டத்தின் மக்கள்தொகை வேண்டுமென்றால், அதில் சேர்ந்த வட்டங்களைப் பழைய மாவட்ட அட்டவணையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்ட வேண்டும். தாய் மாவட்டத்தின் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே வைத்து மக்கள் ஓடிப்போய்விட்டார்கள் என்று எழுதிய கட்டுரையை நானே படித்திருக்கிறேன். அங்கே நகர்ந்தது எல்லைக்கோடு மட்டும்தான்.